நம்ம வீட்டுச் சாமி படமும் ராஜா ரவிவர்மாவும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தர வேண்டும் என்று யூனியன் அண்ணன்கள் கேட்டபோது, எங்கள் வகுப்பில் எடிசன், விசுவேசுவரய்யா, ஜி.டி.நாயுடு, அப்துல் கலாம் எல்லாரையும் ஐந்தே நிமிஷத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் ஓவியர் ரவிவர்மா என்றதும் பசங்க சிரிச்சாங்க. முதலாம் ஆண்டு டிராயிங் பேப்பரில் அரியர் வைத்தவன் ஓவியரைப் பற்றி எழுதக் கிளம்பிட்டான் பாரு என்று கிண்டல் வேறு. இருக்கட்டும். எனக்குக் காரணம் இருக்கிறது.

எங்க அப்பா பெயிண்டர். படம் வரைகிற பெயிண்டர் அல்ல, சுவருக்கு அடிக்கிற பெயிண்டர். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் வீடு, கடை ஷட்டர், கல்யாண மண்டபம் எது கிடைத்தாலும் போவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள் நான்தான். எங்க வீட்டு நடுச்சுவரில் ஒரு லட்சுமி படம் இருக்கிறது. தாமரை மேலே நிற்கிற அம்மன், நாலு கை, பக்கத்தில் மாலையைத் தூக்கிப் பிடிக்கிற யானை. உங்க வீட்டிலும் கட்டாயம் இருக்கும். எங்க படத்தில் மட்டும் ஒரு குறை. உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லாமல் ஒரு நூல் அளவு தள்ளி விழுந்திருக்கிறது. அதனால்தான் எங்க லட்சுமி சிரிக்கிற மாதிரி இருக்காள் என்று அம்மா நம்புகிறார். அந்தச் சிவப்பு ஏன் தள்ளிப்போச்சு என்று தேடப்போய்த்தான் நான் ரவிவர்மாவிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் கதைக்குள் போவதற்கு முன்னால் ஐரோப்பா பக்கம் ஒரு எட்டு போய் வரவேண்டும். ஏனென்றால் அவர் பிடித்த தூரிகை அங்கிருந்து வந்தது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரத்துப் பிரபுக்கள் விரும்பிய பாணிக்கு ரொக்கோக்கோ என்று பெயர். சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த அலங்காரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. எல்லாம் வளைவு, எல்லாம் நெளிவு. ரோஜா நிறம், இளநீலம், முத்து வெள்ளை. வாத்தோ, பூஷே, பிராகொனார் என்று மூன்று பெயர்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பிராகொனார் 1767 வாக்கில் வரைந்த ஊஞ்சல் படம் ரொம்பப் பிரசித்தம். தோட்டத்தில் ஒரு பெண் ஊஞ்சல் ஆடுகிறாள், காலில் இருந்த செருப்பு காற்றில் பறக்கிறது. அவ்வளவுதான் விஷயம்! ஆனால் பிரஷ் ஓடிய வேகம் அந்தப் பட்டுப் பாவாடையில் தெரியும்.

பிறகு காற்று மாறியது. எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த பாம்பெயி நகரத்தை 1748-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கலை மீது எல்லோருக்கும் ஆசை வந்தது. அதே 1748-இல் பிறந்த ழாக் லூயி தாவீது என்பவர்தான் புதுச் செவ்வியல் பாணிக்குத் தலைவர். அவர் 1784-இல் வரைந்த ஹொராஷியர் சபதம் என்ற படத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் கை நீட்டி நிற்கிறார்கள், அப்பா வாள்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், ஓரத்தில் பெண்கள் சோர்ந்து அழுகிறார்கள். நம்ம ஊர் நாடக மேடையில் திரை தூக்கியதும் எல்லோரும் அசையாமல் நிற்பார்களே, அந்த மாதிரி. முதலில் கோடு, அப்புறம்தான் வண்ணம். பிரஷ் போன தடமே தெரியக் கூடாது. புராணக் கதையில் நெஞ்சைப் பிடிக்கிற ஒரே ஒரு நொடியை எடுத்து அப்படியே நிறுத்த வேண்டும். அந்தப் பாணியைத்தான் அடுத்த நூறு வருஷம் ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள் பாடமாகச் சொல்லிக் கொடுத்தன.

இது நம்ம பக்கம் எப்படி வந்தது? நம்ம ஊருக்குப் பக்கத்து வந்தவாசியில் 1760-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்தார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் நண்பராகவும் கடன்காரராகவும் ஆனார். 1769-இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் மதராசில் வந்து இறங்கி அந்த நவாபை ஆளுயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பின்னாலேயே இன்னும் பலர் வந்தார்கள். ராஜாக்களுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் வித்தை மட்டும் வெள்ளைக்காரர் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன வித்தை என்று கேட்கலாம். எங்க அப்பாவுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். துணியை இழுத்துக் கட்டி, பசை பூசி, பிரைமர் அடிக்கணும். அதன் மேல் மங்கலான நிறத்தில் உருவத்துக்கு அடிக்கோட்டு. காய்ந்த பிறகு மேல்கோட்டு. கடைசியாகக் கண்ணாடி மாதிரி மெல்லிய வண்ணப் பூச்சு, அதற்கும் மேலே வார்னிஷ். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. அதற்கு நாள் கணக்கில் ஆகும். அதனால் நிறத்தை மெதுவாக இழைத்து, கன்னத்தின் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் செய்யலாம். அடிக்கோட்டில் எண்ணெய் குறைவாக, மேல்கோட்டில் அதிகமாக இருக்கணும். மாறிப்போனால் மேலே காய்ந்த பிறகும் அடியில் அசைந்துகொண்டே இருந்து விரிசல் விட்டுவிடும். இது தெரியாமல் பார்த்துப் பார்த்து மட்டும் வரைந்தால் படம் நாலு வருஷத்தில் வெடித்துவிடும். ரகசியம் என்பது இதுதான்.

இனி நம்ம ஆள். ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூர் சீமையில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாவீது பிறந்து சரியாக நூறு வருஷம்! தாயார் உமாம்பா பாய், தந்தை நீலகண்ட பட்டதிரிப்பாடு. சின்ன வயசில் அடுப்புக்கரியால் அரண்மனைச் சுவரெல்லாம் யானையும் குதிரையுமாகக் கிறுக்கினார். நம்ம வீடாக இருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். ஆனால் தாய்மாமன் ராஜராஜ வர்மா தானே ஓவியர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரைப் பக்கத்துக்காரரான அழகிரி நாயுடு. மருமகன் கையில் இருப்பது கிறுக்கல் இல்லை என்று மாமாவுக்குப் புரிந்தது. 1862-இல், பதினாலு வயசில், திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் விட்டார்.

அரண்மனையில் ராமசுவாமி நாயக்கர் என்ற தமிழ் ஓவியர் இருந்தார். எண்ணெய் வண்ணம் தெரிந்தவர். பையனுக்குக் கற்றுத்தர அவர் சம்மதிக்கவில்லை. இந்த இடத்தில் எல்லாப் புத்தகங்களும் நாயக்கரை வில்லன் ஆக்கிவிடுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரவிவர்மா ராஜ குடும்பத்துக்குச் சொந்தக்காரர். நாயக்கருக்கு அந்த வித்தை ஒன்றுதான் சொத்து. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வார்? எங்க அப்பா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மேஸ்திரி, நிறம் கலக்கும்போது ஆளை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுவாராம். அப்பா திரும்பி வருவதற்குள் டப்பா கலந்து தயாராக இருக்கும். இதை அப்பா கோபமில்லாமல்தான் சொல்வார்.

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்று ஒரு சீடர் இருந்தார். அவர் குருவுக்குத் தெரியாமல் ராத்திரி நேரத்தில் வந்து ரவிவர்மாவுக்கு எண்ணெய் கலக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தாராம். எதற்காகக் கொடுத்தார்? காசுக்கா, சிநேகத்துக்கா? அவர் வரைந்த ஒரு படம்கூட நமக்குத் தெரியாது. ரவிவர்மா பெயர் இருக்கும் வரை அந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஆறுமுகம் பிள்ளை பெயரும் இருக்கணும் என்பது என் கட்சி.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் கற்றுத்தர மறுத்துவிட்டார். மகாராஜா கேட்டுக்கொண்டதால், வரையும்போது ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்ததைத் தன் அறையில் போய்ச் செய்து பார்ப்பது, தப்பாகப் போனால் மறுநாள் மறுபடி பார்ப்பது... லேத் மிஷின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துத் தொழில் பழகிய பட்டறைப் பையன்களை நமக்குத் தெரியும் அல்லவா, அதே கதைதான். மகாராஜா வரவழைத்த ஐரோப்பியப் படப் புத்தகங்களும் கைகொடுத்தன. ஒரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம். தகரக் குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணத்தை ஜான் ராண்ட் என்பவர் 1841-இல் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்னால் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்களாம். குழாய் வந்த பிறகு வண்ணம் கப்பலேறித் திருவிதாங்கூர் வரை கெடாமல் வந்தது.

அதன் பிறகு ஏற்றம்தான். தலைமுடியில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு 1873-இல் மதராஸ் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம். அதே படத்துக்கு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த வருஷம் ஒரு தமிழ்ப்பெண் நரம்புக் கருவி வாசிக்கிற படத்துக்கு மறுபடி மதராசில் தங்கம். 1876-இல் சகுந்தலை, தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அதை மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே வாங்கிக்கொண்டார்.

1880-இல் ஆயில்யம் திருநாள் இறந்தார். அடுத்து வந்த மகாராஜாவுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். பரோடாவில் அப்போது திவானாக இருந்தவர் நம்ம கும்பகோணத்தில் பிறந்த டி.மாதவராவ். 1881-இல் சாயாஜிராவ் கெய்க்வாட் முடிசூடிய சமயம் ரவிவர்மாவும் தம்பி சி.ராஜராஜ வர்மாவும் பரோடா போய்ச் சேர்ந்தார்கள். தம்பியும் நல்ல ஓவியர். அண்ணன் படங்களில் பின்னால் தெரியும் மலையும் வானமும் பெரும்பாலும் தம்பியின் கைவேலை. கணக்கு வழக்கு, கடிதம், டைரி எல்லாம் அவர்தான்.

1888-இல் பரோடா மகாராஜா புராணக் காட்சிகள் பதினாலு வரைந்து தரச் சொன்னார். இங்கேதான் ஒரு சிக்கல். சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடை போடுவது? கோயில் சிலையில் இருப்பதை அப்படியே வரைய முடியாது, மலையாள முண்டு போட்டால் வடநாட்டான் ஒத்துக்க மாட்டான். அண்ணனும் தம்பியும் வடஇந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கடைசியில் புடவைதான் பொருந்தும் என்று முடிவு செய்தார்கள். இன்று சாமி படம் என்றாலே சரிகைப் புடவை நம் மனசில் வருகிறதே, அதற்கு அந்தப் பயணம் ஒரு பெரிய காரணம். 1890-இல் படங்கள் முடிந்து, பரோடாவுக்குப் போவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. 1893-இல் சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போய்ப் பதக்கம் வாங்கின. விவேகானந்தர் சிகாகோ போன அதே வருஷம்.

அந்தப் படங்களைப் பாருங்கள். தாவீது மாதிரி மேடைக் காட்சி, நிறுத்தி வைத்த நொடி, வழவழப்பான பூச்சு. ஆனால் ஊஞ்சலில் ஆடும் மோகினியைப் பார்த்தால் பிராகொனாரின் பெண் ஞாபகம் வருகிறாள், அதே காற்று, அதே பறக்கும் துணி. ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பாணியும் சண்டை போடாமல் நம்ம புராணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன என்று மட்டும் தோன்றுகிறது.

இனி வருவதுதான் பாலிடெக்னிக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. ஒரு படம் ஒரு அரண்மனையில்தான் மாட்ட முடியும். ஆசைப்படுகிற ஜனம் கோடிக்கணக்கில். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்துப் பரப்பலாமே என்று மாதவராவ் முன்பே யோசனை சொல்லியிருந்தார். ரவிவர்மா அதற்கும் மேலே போய், ஒரு பங்காளியோடு சேர்ந்து 1894-இல் பம்பாயில் சொந்தமாக அச்சகமே போட்டுவிட்டார். இயந்திரமும் ஜெர்மனி, ஆட்களும் ஜெர்மனி. முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு.

கல்லச்சு எப்படி வேலை செய்கிறது என்றால், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் தத்துவம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செனபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கோந்தும் அமிலமும் கலந்து தடவி, ஈரப்படுத்தி, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஈரமான இடம் தள்ளிவிடும். பல வண்ணப் படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மஞ்சளுக்கு ஒன்று, இளஞ்சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகும். எல்லாக் கல்லிலும் படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கணும். ஒரே காகிதம் எல்லாக் கல்லின் மேலும் ஏறி இறங்கும்போது இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்காரணும். அடையாளப் புள்ளி பார்த்து வைப்பார்கள். கடைசியில் துணி நெசவு போல அழுத்தி, வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் மாதிரியே தோற்றம் கொடுப்பார்கள். அதற்குத்தான் ஓலியோகிராப் என்று பெயர். எங்க வீட்டு லட்சுமியின் உதடு தள்ளிப்போன காரணம் இப்போது புரிந்திருக்குமே! எங்களுடையது கல்லச்சு இல்லை, பிற்காலத்து ஆப்செட். ஆனாலும் நோய் அதே நோய்தான்.

வியாபாரத்தில் ரவிவர்மா ஜெயிக்கவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் வந்து ஊரே காலியானது. கடன் ஏறியது. பங்காளி விலகினார். 1899-இல் லோனாவாலா பக்கம் மளவலிக்கு அச்சகத்தை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. சில வருஷத்துக்குள் அங்கே வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். அதன் பிறகுதான் அச்சகம் நன்றாக ஓடியது, பாருங்கள்! பின்னாளில் 1913-இல் ராஜா ஹரிச்சந்திரா என்ற சினிமா எடுத்த பால்கே ஒரு காலத்தில் ரவிவர்மா படங்களின் அச்சு வேலையில் இருந்தவர்தான்.

நஷ்டம் என்றுதான் கணக்குப் புத்தகம் சொல்லும். நான் வேறு ஒரு கணக்கு சொல்கிறேன். எங்க ஆயா பிறந்த ஊரில், அவருடைய அம்மா காலத்தில், எங்கள் ஜனங்கள் கோயிலுக்குள்ளே போக முடியாது. தெருமுனையில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். உள்ளே இருக்கிற சாமி எப்படி இருக்கும் என்று தெரியாமலே செத்துப்போனவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-இல், மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது 1939-இல். ஆனால் 1894-இலேயே அச்சடித்த லட்சுமி மூட்டையில் ஏறிச் சந்தைக்கு வந்துவிட்டாள். காசு கொடுத்தவன் வீட்டுக்கு வந்தாள், இன்னார் என்று கேட்கவில்லை. ராஜ குடும்பத்தில் பிறந்த ரவிவர்மா இதை நினைத்துத்தான் அச்சகம் போட்டார் என்று நான் சொல்லமாட்டேன். நினைக்காமலே நடந்தது. நடந்ததுதானே முக்கியம்.

குறை சொன்னவர்களும் பெரிய ஆட்கள். மதராஸ் கலைப்பள்ளியில் தலைவராக இருந்து பிறகு கல்கத்தா போன ஹாவெல், கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி இருவரும், இது ஐரோப்பியப் பாணியின் நகல், தெய்வங்களை நாடகக்காரர்கள் ஆக்கிவிட்டார் என்ற வகையில் கண்டித்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் வரைந்த தேவிகள் அனேகமாக எல்லோரும் வெள்ளை வெளேர் என்று ராணி மாதிரியே இருக்கிறார்கள். எங்க அம்மா நிறத்தில் ஒரு லட்சுமியைக் காணோம். அந்த நிறம்தான் சாமி நிறம் என்று நம்ம தலையில் ஏறியதற்கு அந்த அச்சுக் கல்லுக்கும் பங்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

1904-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 தொடக்கத்தில் தம்பி இறந்துபோனார். அண்ணனுக்கு ஒரு கை ஒடிந்த மாதிரி. நீரிழிவு வேறு. மைசூர் மகாராஜாவுக்கு ஒப்புக்கொண்ட படங்களை வரைந்துவிட்டுக் கிளிமானூர் திரும்பினார். 1906 அக்டோபர் 2 அன்று, 58 வயதில், கரியால் கிறுக்கிய அதே ஊரில் காலமானார். மளவலி அச்சகம் 1972-இல் தீப்பிடித்து எரிந்தது. 1979-இல் மத்திய அரசு அவர் ஓவியங்களை தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

நம்ம தமிழ்நாட்டில் அந்த வழியைப் பிடித்துக்கொண்டவர் கோவில்பட்டி சி.கொண்டையராஜு. மதராஸ் கலைப்பள்ளியில் படித்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடிக்க, நம்ம வீட்டுக் காலண்டர் வந்தது.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க லட்சுமி படத்தை இறக்கினோம். அன்றைக்கு நூலகத்தில் எடுத்து வந்த ரவிவர்மா புத்தகத்தை அப்பாவிடம் காட்டினேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. புடவைச் சரிகை மேல் விரலை வைத்து, தங்கப் பெயிண்ட் இல்லாமல் தங்கம் எப்படி வந்தது என்று கேட்டார். தஞ்சாவூர்ப் படத்தில் ஒட்டுகிற மாதிரி இதில் தங்கத்தாள் இல்லை, காவி மஞ்சளும் பழுப்பும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, உச்சியில் துளி வெள்ளை என்று படித்ததைச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் பிரஷ் பிடித்தவர், மிச்சம் கிடந்த டப்பாக்களைத் திறந்து மூடியிலேயே கலக்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை வந்தது. மறுவாரம் ஒரு நகைக்கடை ஷட்டரில் எழுத்துக்கு அதையே அடித்தார். கூட வேலைக்கு வந்த பையனை அன்றைக்கு டீ வாங்க அனுப்பவில்லை.